குடும்பத்தில் வேறு யாருக்கேனும் உண்டா?

1

வியாழக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு நான் ஒரு பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். உண்மையில் பந்து கிடையாது, இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். என் இடப்பக்கம் ஹெல்முட் நிற்பார். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், எழுபத்தெட்டு வயது. அவர் கையிலும் இல்லாத பந்து ஒன்று இருக்கும். வலப்பக்கம் மருந்துக்கடை நடத்தி ஓய்ந்த ஓர் அம்மாள். ஆகப் பதினான்கு பேர், பதினான்கு இல்லாத பந்துகள். பிரிகிட்டே என்கிற எங்கள் ஆசிரியை, பந்தைக் கீழே போட்டுவிடாதீர்கள் என்று எச்சரித்தபடி நடுவில் உலாவுவார். ஒரு தடவை ஹெல்முட் நிஜமாகவே கீழே குனிந்து தேடினார். வேடிக்கைக்காகத்தான் என்று பிறகு சொன்னார். அவர் முகத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பே.

நான் ஆரணிக்காரன். ஜெர்மனியின் தெற்கே, சோளக்காட்டுக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்ட ஒரு சிற்றூரில் முப்பது வருடமாக இருக்கிறேன். நெசவு இயந்திரம் செய்யும் தொழிற்சாலையில் வேலை, வியாழன் மட்டும் மதிய ஷிப்ட். ஆரணியிலிருந்து ஒருவன் தறி செய்ய வெளிநாடு போனான் என்றால் ஊரில் யாரும் வியப்பதில்லை, இதற்கா விமானம் ஏறினான் என்றுதான் கேட்கிறார்கள். இப்போது அதே ஆள் ஒரு ஜெர்மன் அம்மாளிடம் சீனத்து உடற்பயிற்சி கற்கிறான், கட்டணத்தில் பெரும்பகுதியைக் காப்பீட்டு நிறுவனம் தருகிறது என்று தெரிந்தால் என்ன சொல்வார்களோ.

பயிற்சியின் பெயர் தாய் ச்சி. என் நோயின் பெயர் பார்க்கின்சன். தமிழில் நடுக்குவாதம் என்று சொல்கிறார்கள். கண்டுபிடித்தது மருத்துவரல்ல, என் மனைவி சுகந்தி. ஒரு சனிக்கிழமை கடைத்தெருவில் எனக்குப் பின்னால் வந்தவள், "ஏங்க, உங்க வலது கை மட்டும் ஏன் ஸ்ட்ரைக் பண்ணுது?" என்றாள். பார்த்தேன். இடது கை முன்னும் பின்னும் வீசிக்கொண்டு வருகிறது. வலது கை உடம்போடு ஒட்டிக்கொண்டு சும்மா வருகிறது. மூன்று மாதம் கழித்து அந்தக் கை தனியாக ஒரு வேலை செய்ய ஆரம்பித்தது. சும்மா இருக்கும்போது நடுங்கும். வேலை கொடுத்தால் நின்றுவிடும். சில அரசு அலுவலகங்களில் இதற்கு நேர்மாறாகப் பார்த்திருக்கிறேன்.

நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் பதினொரு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். பாதிக் கேள்விகள் எனக்குப் புரியவில்லை. ஆறாம் பக்கத்தில் ஒன்று நன்றாகப் புரிந்தது. குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இந்நோய் உண்டா? அப்பா மாரடைப்பில் போனார், அம்மாவுக்கு சர்க்கரை. உடன்பிறந்தது ஒரே ஒரு அண்ணன், ஆரணியில் பட்டுச்சேலை மொத்த வியாபாரம், அறுபத்தேழு வயதிலும் கல்தூண். நான் பேனாவை அழுத்தி "இல்லை" என்ற கட்டத்தில் குறி போட்டேன். விடை தெரிந்த ஒரே கேள்வி என்பதால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

2

இந்த நோயைக் குணமாக்க மருந்தில்லை, சமாளிக்க உண்டு என்றார் மருத்துவர். மாத்திரையோடு உடற்பயிற்சியும் வேண்டும். குறிப்பாக, விழாமல் நிற்பதற்கும் நடப்பதற்கும் தாய் ச்சி உதவலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

முதல் நாள் பிரிகிட்டே என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பி, கண்ணை மூடி, தலையைத் தாழ்த்தினார். நானும் பதிலுக்குக் கூப்பினேன். கண் திறந்ததும், உங்களுக்கு இதெல்லாம் சுலபமாக இருக்கும், யோகா பிறந்த நாடல்லவா என்றார். பதின்மூன்று வெள்ளைக்காரர்களும் என்னை ஏதோ இமயமலையிலிருந்து நேராக இறங்கி வந்தவனைப் போலப் பார்த்தார்கள். எனக்கு யோகா தெரியாது என்று சொன்னேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் படித்த காலத்தில் ஆரணியில் உடற்பயிற்சி என்பது சேத்துப்பட்டு பஸ்ஸில் ஏறி இடம் பிடிப்பதுதான் என்பதை ஜெர்மன் மொழியில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

இன்னொரு சங்கடமும் இருந்தது. அந்த வகுப்பில் யாரும் யாரையும் "நீங்கள்" என்று சொல்லக் கூடாதாம். எல்லோரும் எல்லோருக்கும் "நீ". தொழிற்சாலையில் இத்தனை வருடமும் மேலாளரிலிருந்து வாயிற்காவலர் வரைக்கும் "நீங்கள்" போட்டே பழகியவன் நான். எழுபத்தெட்டு வயது மனிதரை "நீ" என்று சொல்ல நாக்கு வரவில்லை. அதனால் ஹெல்முட்டிடம் இரண்டு மாதம் முன்னிலையே இல்லாமல் பேசினேன். "ஹெல்முட்டுக்குத் தேநீர் வேண்டுமா?" என்று ஹெல்முட்டிடமே கேட்பேன். அவர் யாரையோ விசாரிக்கிறேன் என்று திரும்பிப் பார்ப்பார்.

ஆனால் நடக்கும் பயிற்சி வந்ததும் என் மானம் திரும்பி வந்தது. தாய் ச்சியில் நடப்பதென்றால் சும்மா நடப்பதல்ல. முன்காலின் குதிகாலை மட்டும் தரையில் வைக்க வேண்டும். எடையை உடனே ஏற்றக் கூடாது. தரை இருக்கிறதா என்று குதிகால் கேட்டுக்கொண்ட பிறகு பாதம் மெல்லப் படியும், அதற்குப் பின்தான் உடம்பு அந்தப் பக்கம் போகும். எல்லோரும் தடுமாறினார்கள். எனக்கு இதை எங்கேயோ பார்த்தது போல இருந்தது. யோசித்ததில் பிடிபட்டது. நாங்கள் சமணக் குடும்பம். சிறு வயதில் ஆரணிப் பக்கத்தில் எங்கள் சமணக் கோயில் இருக்கும் திருமலைக்குப் போகும்போது எங்கள் முனிவர்கள் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். நாலு முழத் தரையைக் கண்ணால் பார்த்து, எறும்பு புழு இல்லை என்று தெரிந்த பிறகே காலை ஊன்றுவார்கள். இதை எனக்குத் தெரிந்த ஜெர்மனில் பிரிகிட்டேயிடம் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து எல்லா வகுப்பிலும், பக்கத்து ஊர் வகுப்பிலும்கூட, "எறும்பை நினையுங்கள்" என்றுதான் சொல்கிறாராம். யோகா தெரியாத இந்தியன் என்கிற குறை அதோடு தீர்ந்தது. ஹெல்முட் ஒருநாள் நடு அரங்கில் காலைத் தூக்கியபடி நின்றுகொண்டு, "இங்கே ஒன்று இருக்கிறது, என்ன செய்வது?" என்றார். நிஜமாகவே இருந்தது.

பெர்லினில் இருக்கும் என் மகன் நவீனிடம் இதைச் சொன்னால் சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். அவன் மூன்று வருடமாக பால், தயிர், நெய், தேன் எதையும் தொடுவதில்லை. ஜெர்மன்காரத் தோழர்களிடமிருந்து கற்றுக்கொண்டது. "எறும்புக்குப் பார்க்கிறீர்கள், பசுவிடமிருந்து பாலைப் பிடுங்கி டீ போடுகிறீர்கள், இது எந்த ஊர் அகிம்சை?" என்று ஜெர்மனில் கேட்டான். ஏதோ பரம்பரையாகக் கொல்லாமையைக் கடைப்பிடிக்கும் குலம் என்று மார்தட்டிக்கொண்டிருந்தவனை, என் மகனே இம்சைக்காரன் பட்டியலில் சேர்த்துவிட்டான். அவனிடம் நோயைச் சொல்லியிருந்தேன். பெரியப்பாவிடம் சொல்லாதே என்றும் சொல்லியிருந்தேன். அவன் பெரியப்பாவோடு பேசியே இரண்டு வருடமாகிறது என்பதால் அந்த எச்சரிக்கைக்கு வேலை வரவில்லை.

ஒவ்வொரு வகுப்புக்கும் வருகைத்தாளில் கையெழுத்துப் போட வேண்டும், அதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். முதல் தாள் திரும்பி வந்தது. கையெழுத்து அவர்களிடம் உள்ள பழைய மாதிரியோடு பொருந்தவில்லையாம், மிகச் சிறியதாக இருக்கிறதாம். எழுத்து சுருங்குவது இந்த நோயின் அடையாளங்களில் ஒன்று. நடுக்குவாதக்காரன் நடுக்குவாத வகுப்புக்கு வந்தான் என்பதற்கு நடுக்குவாதம் இல்லாத கையெழுத்து வேண்டும் என்கிறார்கள். மருத்துவரிடம் விளக்கக் கடிதம் வாங்கி அனுப்பினேன். அதன் கீழே நானும் கையெழுத்திட வேண்டியிருந்தது.

3

அண்ணன் பெயர் தரணேந்திரன். ஊருக்கு தரணி நயினார். எனக்கு நாலு வயது மூத்தவர். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிப்பது எங்கள் வழக்கம். அண்ணன் இன்றுவரை தவறியதில்லை. சாப்பிட்டுக் கை கழுவிய ஈரத்தோடு ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வீடியோ அழைப்பு போடுவார். எனக்கு அப்போது மதியம் இரண்டோ மூன்றோ. ஜூன் மாதத்தில், அங்கே சூரியன் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறது என்று கேட்பார். ஒன்பதரை என்றால், அப்படியானால் உனக்கு வரம்தான், ராத்திரி வரைக்கும் தின்னலாம் என்பார். டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும் என்பதையும், தொழிற்சாலையில் எல்லோரும் காப்பி குடிக்கும் நேரத்தில் நான் இரவுச் சாப்பாட்டை முடிப்பதையும் சொன்னால் தொப்பை குலுங்கச் சிரிப்பார். அப்படிப்பட்ட மனிதர்.

இரண்டு வருடமாக அந்த மனிதரைக் காணவில்லை. அழைப்பு வரும். படம் ஆடிக்கொண்டே இருக்கும். கூடத்து விசிறி, சுவர், பாதி நெற்றி, மறுபடி விசிறி. நடுவில் முகம் வந்தால் உர்ரென்று இருக்கும். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல. சாப்பிட்டாயா, சுகந்தி சுகமா, சரி வைக்கிறேன். மூன்று நிமிடம். என் வேடிக்கைக்கு ஒரு சிரிப்புக் கிடையாது. கோபமாக இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. காரணமும் தெரியும் என்று நினைத்தேன்.

காரணம், அவருடைய இளைய மகள் கல்யாணம். நானும் சுகந்தியும் போயிருந்தோம். எனக்கு அப்போதே கை நடுங்கத் தொடங்கி ஒரு வருடம். சம்பந்தி வீட்டார் குடும்பத்தில் என்னென்ன நோய் என்று துருவித் துருவி விசாரிக்கிற காலம். பெண்ணின் சித்தப்பாவுக்கு நரம்பு நோய் என்று காலையில் சொன்னால் மத்தியானத்துக்குள் கலசப்பாக்கம் வரை போய்விடும். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணம் முழுக்க வலது கையை பேண்ட் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு நின்றேன். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் பெண்ணின் சித்தப்பன் என்பவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தியில் சாம்பார் வாளியோடு ஓட வேண்டியவன். நான் ஓரமாகத் தூணில் சாய்ந்து நின்றேன். "ஜெர்மனிக்காரரு பாக்கெட்ல கைய வுட்டுக்கினு போட்டோவுக்கு நிக்கிறாரு" என்று ஒரு பெரியம்மா சொன்னது என் காதில் விழுந்தது. அண்ணன் காதிலும் விழுந்திருக்கும்.

ஆனால் எனக்கும் ஒரு வருத்தம் இருந்தது. மகளைத் தாரை வார்த்துக் கொடுக்கும் நேரத்தில் அண்ணன் மணையில் உட்காரவில்லை. இடுப்பு வலி என்றார். தனக்குப் பதில் சேத்துப்பட்டு மச்சானை உட்கார வைத்தார். கடல் தாண்டி வந்த சொந்தத் தம்பி தூண் மாதிரி நிற்கிறேன், மனைவியின் தம்பிக்கு அந்த இடம். நான் வாயைத் திறக்கவில்லை. என் கையை வைத்துக்கொண்டு நானும் அந்தச் செம்பைப் பிடித்திருக்க முடியாது என்பது வேறு விஷயம். அழைத்திருக்கலாம், மறுத்திருப்பேன். மறுக்கிற உரிமையைக்கூடக் கொடுக்கவில்லையே என்று குமைந்தேன்.

ஆவணி புரட்டாசி வாக்கில் எங்கள் வீட்டில் பத்து நாள் விரதம் வரும். அது முடிந்த மறுநாள் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்போம். பெரியவர், சின்னவர் கணக்கில்லை. "தெரிஞ்சும் தெரியாமயும் நான் செஞ்ச பிழையெல்லாம் பொறுத்துக்கணும்" என்று சொல்ல வேண்டும். எந்தக் கிழமையாக இருந்தாலும் அன்று அண்ணன் அழைப்பார். போன வருடமும் அழைத்தார். அதே கல் முகத்தோடு, அதே கிணற்றுக் குரலில் சொன்னார். பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் சொல்லச் சொன்னதற்காகச் சொல்கிற பையனைப் போல இருந்தது. நானும் அதே சுரத்தில் திருப்பிச் சொன்னேன். வைத்ததும் சுகந்தி, "ரெண்டு பேரும் மன்னிப்புக் கேட்டீங்களா, இல்ல நோட்டீஸ் விட்டுக்கிட்டீங்களா?" என்றாள்.

4

வகுப்பு முடிந்ததும் மூலிகைத் தேநீர் தருவார்கள். வைக்கோலை ஊறவைத்தது போல இருக்கும், ஆனால் சூடாக இருக்கும். ஹெல்முட்டை அழைத்துப் போக அவர் மனைவி உர்சுலா வருவார். ஒரு வியாழன் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, எதற்கோ பேச்சு வந்து, தன் கதையைச் சொன்னார்.

ஹெல்முட் ஓட்டிய பேருந்தில் ஏறுவதற்காகவே ஒரு பேருந்தை விட்டுவிட்டு நிற்பார்களாம், அவ்வளவு வேடிக்கையாகப் பேசுவாராம். திடீரென்று சிரிப்பதை நிறுத்திவிட்டார். வீட்டில் ஏதாவது சொன்னால் முகத்தில் ஒரு அசைவில்லை. குரலும் தணிந்துவிட்டது. இவருக்கு வேறு யாரோ இருக்கிறாள் என்று உர்சுலா முடிவு கட்டி, மூன்று வருடம் தனி அறையில் படுத்திருக்கிறார். பிறகு கை நடுங்கியதும் மருத்துவரிடம் போனார்கள். அவர்தான் சொன்னாராம், உள்ளே சிரிப்பு இருக்கிறது, முகத்துத் தசைக்குத் தகவல் போய்ச் சேரவில்லை என்று. "மூன்று வருடம் ஒரு தசையோடு சண்டை போட்டிருக்கிறேன்" என்றார் உர்சுலா. ஹெல்முட் பக்கத்தில் கல்லாக உட்கார்ந்திருந்தார். மேசைக்கடியில் அவருடைய ஷூ உர்சுலாவின் ஷூவைத் தட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த வியாழன் பிரிகிட்டே இதற்கென்றே ஒரு பயிற்சி வைத்தார். அரங்கின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. எல்லோரும் வரிசையாக நின்று முகத்தை அசைக்க வேண்டும். புருவத்தை உயர்த்து, கன்னத்தை ஊது, பல்லைக் காட்டு, ஆச்சரியப்படு. பதினான்கு கிழங்களும் தங்களால் முடிந்தவரை ஆச்சரியப்பட்டோம். இப்போது சும்மா நில்லுங்கள், முகத்தைத் தளர்த்துங்கள், உங்களைப் பாருங்கள் என்றார்.

பார்த்தேன். கண்ணாடியில் என் அண்ணன் நின்றார். அதே உர்ரென்ற முகம், அதே இமைக்காத பார்வை. எங்கள் இருவருக்கும் சாயல் உண்டு என்று எல்லோரும் சொல்வார்கள், நான் ஒத்துக்கொண்டதில்லை. இப்போது அவர் கோபமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் இல்லை. அப்படியானால் அவருக்கு?

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஆடும் படம். அந்தப் பக்கத்து நெட்வொர்க்தான் காரணம் என்று நான் திட்டிக்கொண்டிருந்தேன். கிணற்றுக் குரல். இடுப்பு வலி என்று மணையில் உட்காராதது. போனை எடுக்கத் திரும்பினேன், கால் தரையோடு ஒட்டிக்கொண்டது; இந்த நோயில் அப்படி வரும். பிரிகிட்டே ஓடி வந்து தோளைப் பிடித்து, எறும்பு, எறும்பு என்றார்.

5

அண்ணனிடம் நேராகக் கேட்கத் தைரியம் இல்லை. அண்ணியை அழைத்தேன், அண்ணன் கடையில் இருக்கும் நேரம் பார்த்து. பத்மாவதி அண்ணி வார்த்தையைச் சுற்றி வளைக்கிறவர் அல்ல. ஆனால் அன்று சுற்றி வளைத்தார். அவருக்கென்ன, நன்றாகத்தான் இருக்கிறார் என்றார். நான் கையைக் கேட்டேன். அதற்கு மேல் அவர் மறைக்கவில்லை.

கடையில் நெசவாளிகள் கொண்டுவரும் சேலையை அண்ணன்தான் பிரித்து, ஒரு முனை முதல் மறுமுனை வரை கையால் தடவிக் குறை பார்ப்பார். இப்போது பிரிப்பது வேலையாள், அண்ணன் தள்ளி உட்கார்ந்து கண்ணால் பார்க்கிறார், வலது கை மேல் எப்போதும் ஒரு துண்டு. வங்கியில் கையெழுத்து பொருந்தவில்லை என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். குளியலறையில் இரண்டு முறை விழுந்திருக்கிறார். இரண்டாவது முறை நெற்றியில் தையல் போடும் அளவுக்கு. அந்த ஞாயிறுகளில்தான் எனக்கு விசிறியும் சுவரும் மட்டும் தெரிந்திருக்கிறது. வேலூருக்குப் போய்ப் பெரிய டாக்டரைப் பார்க்கலாம் என்று அண்ணி சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்.

"மொதல்ல பொண்ணு கல்யாணம் முடியட்டும்னாரு, தம்பி. முடிஞ்சப்புறம் பார்த்தா, வயசானா எல்லாருக்கும் வர்றதுதான், இதுக்குப் போயி ஏன் பேஜார்ன்றாரு. எறும்பு ஊர்றாப்பல எழுதறாரு. உங்ககிட்டயாவது சொல்லட்டுமான்னு கேட்டா வாணாம்னுட்டாரு."

ஏன் என்று கேட்டேன்.

"தம்பிக்கு நம்ம மேல கோவம், இப்பல்லாம் மூஞ்சி குடுத்துப் பேசறதில்ல, இந்த நெலமையில போயி எதச் சொல்றதுன்றாரு."

எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. அது முகத்தில் தெரிந்ததா என்று தெரியவில்லை. அண்ணியிடம் என் விஷயத்தைச் சொன்னேன். அவர் அழுதார். பிறகு, இன்னும் எட்டு நாளில் மன்னிப்பு நாள் வருகிறது, அன்றைக்கு நீங்களே சொல்லுங்கள், உங்கள் வாயால் கேட்டால்தான் அவர் டாக்டரிடம் போவார் என்றார். அந்த எட்டு நாளும் நான் பயந்தேன். அவர் இன்னொரு தடவை விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும். நான் சொல்லி, அவர் அதையும் உர்ரென்ற முகத்தோடு கேட்டுவிட்டு வைத்துவிட்டால் பிறகு யாரும் சொல்லி அவர் போகமாட்டார்.

6

மன்னிப்பு நாள் செவ்வாயில் வந்தது. தொழிற்சாலையில் அரை நாள் விடுப்பு கேட்டேன். காரணம் என்ன என்று கேட்டார்கள். அண்ணனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன். விடுப்புப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லாததால் "தனிப்பட்டது" என்று போட்டுக்கொண்டார்கள்.

மூன்று மணிக்கு அழைப்பு வந்தது. விசிறி. சுவர். பாதி நெற்றி.

"அண்ணா, போனை அண்ணிகிட்ட குடு. எங்கயாச்சும் சாய்ச்சு வைக்கட்டும். நீ நாலடி பின்னால போயி நில்லு" என்றேன். எதற்கு என்று கேட்டார், கிணற்றுக்குள்ளிருந்து. சொன்னதைச் செய் என்றேன். வாழ்க்கையில் முதல் முறையாக அவருக்குக் கட்டளையிட்டேன். அண்ணி சேலைப் பெட்டிகளை அடுக்கி அதன் மேல் போனைச் சாய்த்தார். நான் என் போனை குக்கரின் மேல் சாய்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்தேன். இரண்டு வருடத்தில் முதல் முறையாகப் படம் ஆடவில்லை. அண்ணன் முழுசாகத் தெரிந்தார். இளைத்திருந்தார். கொஞ்சம் கூன் விழுந்திருந்தது. வலது கை மேல் துண்டு.

நான் பாக்கெட்டிலிருந்து கையை எடுத்தேன். மறைக்காமல் விட்டதும் அது பாட்டுக்கு ஆட ஆரம்பித்தது.

"இதப் பாருண்ணா."

பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. இருக்காது என்று தெரிந்திருந்தும் தேடினேன். "எப்பலருந்து?" என்றார்.

"பாப்பா கல்யாணத்துக்கு மின்னாடியே. அதான் பாக்கெட்ல வச்சிக்கினு நின்னேன்."

"நீ தொர ஆயிட்டன்னு நான் நெனச்சிக்கினு இருந்தேன்."

"நீ ஏன் மணையில ஒக்காரல?"

அவர் இடது கையால் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அவருடைய வலது கையும் என்னுடையதைப் போலவே ஆடிக்கொண்டிருந்தது, அதே வேகத்தில். அண்ணி திரைக்கு வெளியே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சுகந்தி எனக்குப் பின்னால் வந்து நின்றாள். நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நன்றாக அழுதேன். அதற்கு முகத்துத் தசை தேவைப்படவில்லை.

"தெரிஞ்சும் தெரியாமயும்" என்று தொடங்கினேன். அவர் இடைமறித்தார்.

"தெரியாமதாண்டா. ரெண்டு பேரும் தெரியாமதான். பொறுத்துக்க."

முகத்தைத் துடைத்துக்கொண்டேன். பிறகு வேலூருக்குப் போகச் சொன்னேன். போகலாம் போகலாம் என்றார். அது போகமாட்டேன் என்பதற்கு அவருடைய மொழி. நீ என்னவோ வித்தை கற்கிறாயாமே, அண்ணி சொன்னாள், முதலில் அதைக் காட்டு என்றார். காட்டுகிறேன், ஆனால் டாக்டர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் தொடர்ந்து செய்ய வேண்டும், அடுத்த பாடம் வேலூர் போய் வந்தால்தான் என்றேன். பிரிகிட்டேயிடம் கற்ற கண்டிப்பு.

அண்ணியைப் பக்கத்தில் நிற்க வைத்து, நடக்கும் பயிற்சியைக் காட்டினேன். குதிகாலை வை. உடனே எடையை ஏற்றாதே. தரையில் எறும்பு இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் மட்டும் பாதத்தைப் பதி. அண்ணன் ஓரடி வைத்தார். இன்னோரடி. துண்டு நழுவியது, அண்ணி பிடித்தார். மூன்றாவது அடியில் நின்று போனைப் பார்த்தார்.

"எறும்புக்குப் பாத்து நடக்கறதக் கத்துக்கவா ஜெர்மனி வரைக்கும் போன?"

முகம் கல்தான். ஆனால் தொப்பை குலுங்கியது, பார்த்தேன்.

7

மறுவாரம் நரம்பியல் மருத்துவமனைக்குப் போய், என் படிவத்தில் ஆறாம் பக்கத்தைத் திருத்த வேண்டும் என்றேன். திருத்துவதற்கு இன்னொரு படிவம் இருந்தது. அதில் "முன்பு தவறான தகவல் அளித்ததற்கான காரணம்" என்று ஒரே ஒரு வரிக்கு இடம். "அப்போது தெரியாது" என்று எழுதினேன். வரவேற்பில் இருந்த பெண் படித்துவிட்டு, உடன்பிறந்த அண்ணனா, தெரியவே தெரியாதா, தொடர்பில் இல்லையா என்று அக்கறையாகக் கேட்டார். ஒவ்வொரு ஞாயிறும் முகம் பார்த்துப் பேசுவோம் என்றேன். என் ஜெர்மனில் ஏதோ தப்பு என்று நினைத்திருப்பார், மறுபடி கேட்கவில்லை.

நவீனுக்குச் சொன்னேன். அவன் அன்றே ஆரணிக்கு அழைத்து, தன் உடைந்த தமிழில் பெரியப்பாவிடம் பாலை விடச் சொல்லியிருக்கிறான். அண்ணன் என்னிடம், "உன் புள்ளைக்கு என்னாச்சுடா?" என்று கவலையோடு விசாரித்தார்.

மூன்று வாரம் போகலாம் போகலாம் என்றே ஓடியது. நான் அடுத்த பாடத்தைக் காட்டவில்லை. நாலாவது வாரம் ஒரு வேலை நாளில் போன் அடித்தது. வகுப்பில் பந்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிரிகிட்டேயிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்தேன். அண்ணன் வேலூரில், டாக்டரைப் பார்த்துவிட்டு மருந்துக்குக் காத்திருக்கிறார். இதேதான் என்றார்கள், மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், தாய் ச்சி தாராளமாகச் செய்யலாம் என்றார்கள் என்று சொன்னார். பிறகு, "ஒரு பாரம் குடுத்தாங்கடா" என்றார். "குடும்பத்துல வேற யாருக்காச்சும் இருக்குதான்னு கேட்டிருந்திச்சு. தம்பிக்குன்னு போட்டேன். பேரு எழுதணும்னாங்க. அண்ணி எழுதறேன்னா, நான்தான் வாணாம்னு நானே எழுதினேன். போட்டோ அனுப்பறேன், சரியாக்கீதா பாரு."

மகளின் மணையில் எனக்குக் கிடைக்காத இடத்தை வேலூர் ஆஸ்பத்திரியின் பாரத்தில் கொடுத்துவிட்டார் என்று கேலியாக ஏதோ சொல்ல நினைத்தேன். அதற்குள் படம் வந்துவிட்டது. கோட்டின் மேல் பேனாவால் வரிசையாகப் புள்ளி வைத்தது போல இருந்தது. படிக்க முடியவில்லை. இரண்டு விரலால் பெரிதாக்கினேன். என் விரல் நடுங்கியதில் படம் எங்கெங்கோ ஓடியது. சுவரில் சாய்ந்து, கையை மறு கையால் பிடித்துக்கொண்டு, மறுபடி பெரிதாக்கினேன். எறும்பு எறும்பாக, அப்பாவின் முதலெழுத்தோடு, என் பெயர்.